வேதியியல் படித்தவர் நிதி பற்றி எழுதலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேதியியலில் முதுகலை முடித்திருக்கிறீர்கள். இரண்டு வருடமாகச் சின்ன நிறுவனங்களுக்கு இணையதள வாசகங்களும் நியூஸ்லெட்டரும் எழுதுகிறீர்கள். இப்போது முழுநேர ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டராக நிதி, வணிகம், அறிவியல் மூன்றிலும் வேலை எடுக்கலாமா, இல்லை ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "படிக்காத துறையைப் பற்றி எழுதி என்றாவது மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது." அந்தப் பயம் நியாயமானது. பதினான்கு வருடம் கழித்தும் எனக்கு அது முழுதாகப் போகவில்லை, போகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். அதனால் அந்த வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நான் படித்தது இயற்பியல். நிதி பற்றி வகுப்பறையில் ஒரு மணி நேரம்கூடப் படித்ததில்லை. ஆனால் என் வருமானத்தில் பாதிக்கு மேல் நிதி நிறுவனங்களுக்கு எழுதியதிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆக, முடியும். அது எப்படி முடிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று துறைகளிலும் நம் வேலை ஒன்றேதான். விஷயம் தெரிந்த ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், பெரும்பாலும் ஓர் எண்ணோடு. அதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். இங்கிருந்து அங்கே அதைக் கொண்டுபோகும்போது அதன் எடை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நடை, கவர்ச்சி, தலைப்பு எல்லாம் இதற்குப் பிறகுதான். எடை மாறாமல் கொண்டுபோகத் தெரிந்தவருக்குத் துறை மாறுவது பெரிய தடையாக இருக்காது. தெரியாதவர் தான் படித்த துறையிலேயே தவறு செய்வார்.

எடை மாறுவது என்றால் என்ன என்பதற்கு நான் புதியவர்களிடம் எப்போதும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. மூன்றாம் தலைமுறை எனப்படும் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஏற்படும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்பது செய்தி. அதில் பொய் எதுவும் இல்லை. அடிப்படை எண் என்ன? பழைய மாத்திரை சாப்பிட்ட ஏறத்தாழ 7000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதிய மாத்திரையில் 7000 பேரில் இருவருக்கு வந்தது. "இரண்டு மடங்கு" என்று மட்டும் கேட்ட பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று பின்னால் கணக்கிட்டார்கள். கர்ப்பத்தால் வரும் ரத்தக்கட்டு அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் பெரிய வேதனை. சரியான தகவல்தான், சொன்ன விதத்தில் எடை மாறிவிட்டது.

இதே தவறை நானும் செய்யப் பார்த்தேன். மூன்றாவது வருடம் என்று நினைவு. ஒரு மருத்துவக் கருவிக்கான கையேட்டில் "தொற்று வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது" என்று எழுதினேன். ஆய்வில் ஆயிரம் பேரில் நான்காக இருந்தது இரண்டாகக் குறைந்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்த மருத்துவர் ஒருவர் ஓரத்தில் "எதில் பாதி?" என்று மட்டும் எழுதி அனுப்பினார். அன்றிலிருந்து சதவீதமோ மடங்கோ வரும் எந்த வாக்கியத்தையும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் விடுவதில்லை. நீங்களும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அடிப்படை எண் கிடைக்கவில்லை என்றால் கிளையன்டிடம் கேளுங்கள். கிளையன்டிடமும் இல்லை என்றால் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள்.

அடுத்து, ஊற்று வரை போவது. ஒரு தகவலை எங்கே படித்தோம் என்பதும் அது எங்கே பிறந்தது என்பதும் வேறு வேறு. 2007-ல் ஐபிசிசி எனப்படும், காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் அறிக்கையில் ஒரு பகுதியில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. உலகின் மிகக் கவனமாகச் சரிபார்க்கப்படும் அறிக்கைகளில் ஒன்று அது. அந்த வரியின் வேரைத் தேடிப்போனால், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் அறிக்கைக்கும், அந்த அறிக்கை ஆதாரமாகக் காட்டிய, 1999-ல் வந்த ஓர் அறிவியல் பத்திரிகைச் செய்திக்கும் போய்ச் சேர்ந்தது. சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட ஆய்வு எதுவும் அதன் அடியில் இல்லை. 2010 ஜனவரியில் ஐபிசிசி தவறை ஒப்புக்கொண்டது. பனியாறுகள் உருகுவது உண்மை. அந்த ஆண்டுக் கணக்குக்குத்தான் ஆதாரம் இல்லை. ஒரே ஒரு தளர்வான எண் முழு அறிக்கையின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவந்தது.

பொருளாதாரத்திலும் இப்படி ஒன்று உண்டு. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது என்றது. செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகள் பல நாடுகளில் அதை எடுத்துக்காட்டினார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் தன் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து அதன் எக்செல் கோப்பைச் சரிபார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலாவில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விட்டுப்போயிருந்தன. அதோடு தரவுத் தேர்வையும், சராசரியில் ஒவ்வொரு நாட்டுக்கும் எவ்வளவு பங்கு தருவது என்ற முறையையும் மாற்றிக் கணக்கிட்டபோது அந்த மைனஸ் 0.1 சதவீதம் பிளஸ் 2.2 சதவீதம் ஆனது. அவ்வளவு பேர் மேற்கோள் காட்டிய பிறகும், மூலக் கோப்பைத் திறந்து பார்க்க ஒரு மாணவர் வேண்டியிருந்தது.

நாம் எக்செல் கோப்பு வரை போக முடியாமல் இருக்கலாம். ஆனால் செய்திக்குறிப்பைத் தாண்டி ஆய்வுக் கட்டுரை வரை போகலாம், கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கத்தைத் தாண்டி அட்டவணை வரை போகலாம். நான் ஒவ்வொரு வேலைக்கும் ஆதாரத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். இடது பக்கம் என் வாக்கியம், நடுவில் மூலத்தில் உள்ள வாக்கியம் அப்படியே, வலது பக்கம் பக்க எண்ணும் நான் பார்த்த தேதியும். டிராஃப்ட்டோடு அதையும் சேர்த்து அனுப்புவேன். பாதி கிளையன்ட்டுகள் அதைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். பார்ப்பவர்கள் மறுபடியும் வேலை தருகிறார்கள். என்னிடம் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கும் மூன்று கிளையன்ட்டுகளும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நிலைத்தார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும், அவர்களே சொன்னார்கள்.

நிதிக்கு வருகிறேன். வேதியியல் படித்தவருக்கு நிதியில் உள்ள கணக்கு கடினமே இல்லை. பழகாததுதான் சிக்கல். வட்டி 6 சதவீதத்திலிருந்து 7 சதவீதமானால் அது "1 சதவீத உயர்வு" ஆகாது. 1 சதவீதப் புள்ளி உயர்வு, விகிதமாகப் பார்த்தால் ஏறக்குறைய 17 சதவீத உயர்வு. ஒரு முதலீடு முதல் வருடம் 50 சதவீதம் ஏறி, அடுத்த வருடம் 50 சதவீதம் இறங்கினால் "சராசரி வருமானம் பூஜ்யம்" என்று எழுதத் தோன்றும். 100 போட்டவர் கையில் 75-தான் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 1 சதவீதம்தானே என்று ஒரு வரியில் தாண்டிப் போவோம். வருடம் 8 சதவீதம் வளரும் 100, முப்பது வருடத்தில் சுமார் 1006 ஆகும். கட்டணம் போக 7 சதவீதம்தான் வளர்ந்தால் சுமார் 761. அந்த "1 சதவீதம்தானே" கடைசித் தொகையில் கிட்டத்தட்ட கால்பங்கைத் தின்றுவிட்டது. இவற்றையெல்லாம் நீங்களே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வாசகர் தன் சேமிப்பை வைத்துக்கொண்டு நம் வாக்கியத்தைப் படிக்கிறார் என்பதை நினைத்தால், இந்தக் கணக்குகளைப் போடாமல் நம்மால் எழுத முடியாது.

நிதி எழுத்தில் சட்டமும் இருக்கிறது, இதைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு, விளம்பரம் நியாயமாகவும் தெளிவாகவும் தவறாக வழிநடத்தாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் முதலீட்டு ஆலோசகர்கள் கட்டணம் கழிக்காத வருமானத்தை விளம்பரத்தில் காட்டினால், கழித்த வருமானத்தையும் அதே அளவு முக்கியத்துவத்தோடு காட்ட வேண்டும். உணவுப் பொருளின் ஆரோக்கிய வாசகங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006-லிருந்து தனி விதி இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட வாசகங்களை மட்டுமே பயன்படுத்தலாம். நாடு மாறினால் விதி மாறும். அதனால் என்ன எழுத வேண்டும் என்ற குறிப்பு (பிரீஃப்) வந்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்த நாட்டு வாசகருக்கு, உங்கள் பக்கம் சட்டரீதியாக யார் பார்த்து ஒப்புக்கொள்வார்?" என்பது. அதற்குப் பதில் சொல்லத் தடுமாறும் கிளையன்ட்டிடம் நிதி வேலையை நான் எடுப்பதில்லை.

வணிக எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விற்றுமுதல், லாபம், கையில் வந்த பணம் மூன்றும் வேறு வேறு என்று தெரிந்தால் பாதித் தவறுகள் போய்விடும். ஒரு ஸ்டார்ட்அப்பின் மதிப்பு என்று செய்தியில் வருவது யாரும் முழுதாகக் கொடுத்த பணம் இல்லை. ஒரு சிறு பங்கு விற்ற விலையை மொத்தப் பங்குகளுக்கும் நீட்டிப் போட்ட கணக்கு அது. தமிழில் எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது: ஒரு மில்லியன் என்றால் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி, ஒரு ட்ரில்லியன் லட்சம் கோடி. மாற்றும்போது ஒரு பூஜ்யம் நழுவுவது நாம் நினைப்பதைவிடச் சுலபம். மூலம் ஜெர்மன் மொழியில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அங்கே "பில்லியோன்" என்பது நம் லட்சம் கோடி.

அறிவியல் உங்களுக்குச் சொந்த வீடு மாதிரி. ஆனாலும் வேதியியல் படித்தவர் மருத்துவ ஆய்வைப் படிக்கும்போது கவனம் தேவை. சோதனைக் குழாயில் நடந்ததா, எலியில் நடந்ததா, மனிதரில் நடந்ததா? எத்தனை பேரில்? ஒப்பிடும் குழு இருந்ததா? மெட்ஆர்க்கைவ் போன்ற தளங்களில் வருபவை மதிப்பாய்வுக்கு முந்தைய கட்டுரைகள், அதை வாசகருக்குச் சொல்ல வேண்டும். மதிப்பாய்வு முடிந்துவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்த, கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றிய ஆய்வு, தரவின் நம்பகத்தன்மையை உறுதிப்படுத்த முடியாமல் இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. எனவே ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும் முன் அது திரும்பப் பெறப்பட்டதா என்று ஒரு தடவை தேடிவிடுங்கள், ஒரு நிமிட வேலை. பி-மதிப்பு (உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) 0.05-க்குக் கீழே என்றால் "95 சதவீதம் உண்மை" என்று எழுதுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பைப் பி-மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் அறிக்கையே விட்டிருக்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்காக ஒன்றைச் சற்று நின்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் அக்கறையான விஷயம். உறுதியின் அளவைக் காட்ட நம் மொழியில் வினையின் விகுதியே போதும், ஆனால் அது வழுக்கும். "இந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம்" என்று எழுதினால், ஒருவேளை குறைக்கும் என்றும் படிக்கலாம், குறைக்க வல்லது என்றும் படிக்கலாம். "இந்த மாத்திரையால் குறைக்கலாம்" என்று ஓர் உருபு மாறினால் சந்தேகமே மறைந்து, வாக்குறுதியாகிவிடுகிறது. ஐயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் "குறைக்கக்கூடும்" என்று எழுதுகிறேன், அல்லது "குறைப்பதாக ஓர் ஆய்வில் தெரிகிறது, இன்னும் பெரிய ஆய்வு நடக்கவில்லை" என்று விரித்தே எழுதிவிடுகிறேன். "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லைக் கணிதத்துக்கு விட்டுவிட்டேன். "தொடர்பு இருக்கிறது" என்பதும் "காரணமாகிறது" என்பதும் ஒரே பத்தியில் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் கவனமாகத் "தொடர்பு" என்று எழுதிவிட்டு, நடை வேகத்தில் நான்காவது வரியில் "காரணம்" என்று எழுதிவிடுவது எனக்கே நடந்திருக்கிறது.

தெரியாத துறையை ஐந்தாறு நாளில் எப்படிப் பிடிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். என் வழக்கம் இது. முதல் நாள் எழுதவே மாட்டேன். கல்லூரிப் பாடநூலில் அந்தத் தலைப்புள்ள ஓர் அத்தியாயத்தைப் படிப்பேன், இணையக் கட்டுரைகளைப் பிறகுதான் தொடுவேன். பிறகு அந்தப் பொருளையோ கருத்தையோ எதிர்ப்பவர் ஒருவர் எழுதியதைப் படிப்பேன். எதிர்ப்பவர்தான் எந்தச் சொல்லின் மேல் சண்டை நடக்கிறது என்று காட்டிக்கொடுப்பார். மூன்றாவதாக, துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் இருபது நிமிடம் பேசுவேன். அவரிடம் "இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டால் பிரசங்கம் கிடைக்கும். "உங்கள் துறையைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் எழுதும்போது எதைத் திரும்பத் திரும்பத் தப்பாக எழுதுகிறோம்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் பதில் ஒரு வாரப் படிப்புக்குச் சமம். டிராஃப்ட் முடிந்ததும் அவருக்கு நடையைக் காட்டாமல் உண்மைத் தகவல்களை மட்டும் வரிசைப்படுத்தி அனுப்பி, தவறு இருந்தால் சொல்லச் சொல்வேன்.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இனி வருவது என் கருத்து மட்டும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றா மூன்றா என்றால், முதல் இரண்டு வருடம் ஒரு துறையை வீடாகவும் மற்றதை அண்டை வீடாகவும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். உங்களுக்கு வீடு வேதியியல் சார்ந்த அறிவியல். அங்கிருந்து மருந்து நிறுவனங்களின் ஆண்டறிக்கை, பேட்டரி தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்களின் முதலீட்டாளர் குறிப்பு, ரசாயனத் தொழில் பற்றிய விரிவான விளக்க அறிக்கை (ஒயிட் பேப்பர்) என்று எல்லையோரமாகவே வணிகத்துக்கும் நிதிக்கும் நடந்து போகலாம். லித்தியம் பேட்டரியின் வேதியியலும் தெரிந்து, இருப்புநிலைக் குறிப்பும் படிக்கத் தெரிந்தவரைக் கிளையன்ட்டுகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே துறையில் இருந்தே நன்றாக வாழ்பவர்களும் எனக்குத் தெரியும், ஐந்து துறையில் எழுதுபவர்களும் தெரியும். இதில் பொதுவிதி சொல்லும் அளவுக்கு என் அனுபவம் அகலமானதில்லை.

கட்டணத்தில் ஒன்றைத்தான் வலியுறுத்துவேன். இந்தத் துறைகளில் சொல்லுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். ஒரு நாள் முழுக்கப் படித்து, நாற்பது சொல்லை வெட்டி எறிந்து, பத்துச் சொல்லில் சரியாக எழுதியவருக்குச் சொல் கணக்கு தண்டனையாகிவிடும். வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள், ஒரு பங்கை அட்வான்ஸாக வாங்குங்கள், எத்தனை ரிவிஷன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் அவசியம்: நான் ஒப்படைத்த பிறகு உண்மைத் தகவல்களில் செய்யும் மாற்றத்துக்குக் கிளையன்ட் பொறுப்பு, மாற்றியதை என் பெயரோடு வெளியிடுவதென்றால் என் ஒப்புதல் வேண்டும். நான் "வரக்கூடும்" என்று எழுதிக் கொடுத்ததை ஒரு நிறுவனம் "வரும்" என்று மாற்றி என் பெயரோடு வெளியிட்டது. வாசகர் ஒருவர் அதைக் கேள்வி கேட்டு எனக்கே எழுதினார். பதில் சொல்ல என்னிடம் ஆதாரத் தாள் இருந்தது, ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. அந்த வாக்கியத்தைத் திருத்த வைக்க நான்கு மாதம் ஆனது.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எடுத்துக்கொள்ளுமா என்பதற்கு யாராவது உறுதியாகப் பதில் சொன்னால் நம்பாதீர்கள். நான் கண்ணால் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன். சாதாரண இணையதள வாசக வேலைகள் எனக்குக் குறைந்திருக்கின்றன. கருவி எழுதியதைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை வருகிறது. இல்லாத ஆய்வை இருப்பதாக அழகாக எழுதிவைக்கும் குணம் அந்தக் கருவிகளுக்கு இருப்பதால், ஊற்று வரை போகும் பழக்கத்துக்கு இன்றைக்கு விலை கூடியிருக்கிறது. நாளைக்கு எப்படி என்பதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.

நான் தொடாத எல்லைகளும் உண்டு. மருந்தளவு சொல்லும் வாசகங்கள், "இந்தப் பங்கை வாங்குங்கள்" என்ற தனிப்பட்ட பரிந்துரைகள், வரி ஆலோசனை இவற்றை எழுத உரிமமும் பயிற்சியும் உள்ளவர்கள் வேண்டும். அவர்கள் எழுதியதைத் திருத்தித் தருவேன், நானாக எழுத மாட்டேன். உங்கள் நாட்டுச் சட்டம் பற்றியும் நான் இங்கே சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அங்கே உள்ளவரிடம் கேளுங்கள்.

உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு இந்த வாரமே ஒன்று செய்யலாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேதியியல் கட்டுரை ஒன்றை எடுத்து, அதை ஒரு முதலீட்டாளருக்கு முந்நூறு சொல்லில் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு "கூடும்"-க்கும் ஆதாரத் தாளில் ஒரு வரி போடுங்கள். பிறகு உங்கள் பேராசிரியரிடம் ஒரு பிரதி, கணக்காளர் நண்பர் ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து, தவறைச் சிவப்பு மையால் குறிக்கச் சொல்லுங்கள். இருவரின் சிவப்பும் எந்தெந்த வரியில் விழுகிறது என்று பார்த்தால், நீங்கள் முதலில் எதைப் படிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாளையும் டிராஃப்ட்டையும் சேர்த்தே கிளையன்ட்டுக்குக் காட்டுங்கள்.